சவரக் கத்தியும் காப்பீட்டுச் சீட்டும்: அலோன்சோ ஹெர்ண்டன் வரலாறு

1873ஆம் ஆண்டில் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்னும் தமது நூலை வெளியிட்டபோது, அதனை அமெரிக்க நாட்டு மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின மக்களின் அடிமைத் தளையை அறுப்பதற்காக அந்நாட்டார் செய்த தியாகத்தைப் போற்றியே அவ்வாறு செய்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா என்னும் மாநிலத்தில், அடிமையாகப் பிறந்து ஏழாம் வயதில் விடுதலை பெற்ற சிறுவன் ஒருவன் பிறருடைய வயற்காட்டில் உழைத்துக் கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. அலோன்சோ பிராங்க்ளின் ஹெர்ண்டன் என்பது அவன் பெயர். 1927ஆம் ஆண்டில் அவர் கண் மூடியபோது, அட்லாண்டா மாநகரத்துக் கறுப்பின மக்களுள் அவருக்கு நிகரான செல்வர் வேறொருவர் இல்லை.

நம் விழா மேடைகளிலும் மலர்களிலும் கல்வியால் உயர்ந்தோர் வரலாறும், போராட்டத்தால் உயர்ந்தோர் வரலாறும் நிறையவே இடம் பெறுகின்றன. தொழிலால் உயர்ந்தோர் வரலாறு அரிதாகவே பேசப்படுகிறது. 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளை வேண்டியதை நம் இளைஞர் பலர் அறிவர். அந்த டூ பாய்ஸ் 1897 முதல் 1910 வரை ஆசிரியராக இருந்தது அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில். அவர் வாழ்ந்த அதே ஊரில், அவர் கூட்டிய முதற் பெரும் மாநாட்டிலும் கலந்து கொண்டவராய், சவரக் கத்தி பிடித்துச் செல்வம் ஈட்டியவர் ஹெர்ண்டன். அறிஞரை அறிந்த நாம் தொழிலதிபரையும் அறிந்துகொள்வது நன்று.

ஹெர்ண்டன் 1858ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஜார்ஜியாவின் வால்டன் மாவட்டத்தில், சோசியல் சர்க்கிள் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தாயார் சொபீனி ஓர் அடிமைப் பெண். தந்தையோ அப்பெண்ணை உடைமையாகக் கொண்டிருந்த வெள்ளை ஆண்டையான பிராங்க் ஹெர்ண்டன். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாளைய தென்மாநிலச் சட்டம். ஆகவே பெற்ற மகனே தந்தைக்குச் சொத்தாக இருந்தான். குருதியால் ஒன்றானவரையும் பிறப்பைக் காட்டிப் பிரித்து வைக்கும் முறைமை நமக்குப் புதிதன்று. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறையும் ஒழிந்தது. விடுதலை என்றால் என்ன? சொபீனி தம் இரு பிள்ளைகளோடும், கயிறு கட்டிய ஒரு கட்டிலோடும், சில போர்வைகளோடும் வெளியே அனுப்பப்பட்டார். நிலம் இல்லை, கலப்பை இல்லை, கையில் காசு இல்லை. நாட்கூலிக்கு உழைத்தார், கூலியும் பணமாகக் கிடைக்கவில்லை. கிழங்கும் பயறும் வெல்லப்பாகுமே கூலி. நம் பண்ணைகளில் படியளந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு? பெயரளவில் விடுதலை பெற்ற மக்கள் மீண்டும் பழைய ஆண்டைகளின் நிலத்தையே வாரத்துக்கு உழுதனர். விதையும் உணவும் கடனாகத் தரப்படும்; அறுவடையில் கடன் கழிக்கப்படும்; கணக்கு எழுதுகிறவர் நிலக்கிழார். எழுத்தறியாதவர் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி? ஆண்டு முடிவில் கடன் மட்டுமே மிஞ்சிற்று.

சிறுவன் அலோன்சோ ஏழாம் வயதிலேயே உழைக்கத் தொடங்கினான். வயல் வேலை போக எஞ்சிய நேரத்தில் வேர்க்கடலையும், வீட்டில் காய்ச்சிய வெல்லப்பாகும், வண்டி அச்சுக்கு இடும் மசகும் விற்றுக் காசு சேர்த்தான். பள்ளியில் பயின்றது எல்லாம் கூட்டினால் ஓராண்டு அளவே. 1878ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், அவர் ஊரைவிட்டு நடந்தே வெளியேறினார். அதுவரை அவர் சேர்த்து வைத்திருந்த தொகை 11 டாலர். பதின்மூன்று ஆண்டு உழைப்பின் மிச்சம் அது.

செனோயா என்னும் ஊரில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டே முடிதிருத்தும் தொழிலைக் கற்றார். சனிக்கிழமைப் பிற்பகல்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் சிறிது இடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்தார். வார முடிவில்தான் உழைப்பாளிகளுக்கு ஓய்வும் கையில் சில்லறையும் இருக்கும் என்பதை அறிந்து நாளைத் தேர்ந்தார் போலும். பின்னர் ஜோன்ஸ்பரோ என்னும் ஊரில் சொந்தமாக ஒரு கடை திறந்தார்.

இங்கே அத்தொழிலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தென்மாநிலங்களில் முடிதிருத்துதல் பிறருக்குப் பணிவிடை செய்யும் தொழிலாகக் கருதப்பட்டது. பிறர் தலையையும் முகத்தையும் தொட்டுப் பணி செய்வது தமக்கு இழிவு என்று வெள்ளையர் எண்ணினர். ஆதலால் அது கறுப்பினத்தவர் கையில் விடப்பட்டது. விலக்கி வைக்கப்பட்ட தொழில் என்பதனாலேயே அதில் போட்டி குறைவாக இருந்தது. அடிமை முறை நிலவிய காலத்திலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் சிலர் இத்தொழிலால் வசதியாக வாழ்ந்தனர். இழிவு என்று ஒதுக்கித் தரப்பட்ட வேலைக்குள் ஒரு வாயில் இருந்தது. ஆயினும் அந்த வாயிலுக்கு ஒரு விலையும் இருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1883ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹெர்ண்டன் அட்லாண்டா நகரம் வந்தடைந்தார். அவர் வந்து சேர்ந்த காலம் முக்கியமானது. 1864ஆம் ஆண்டில் போர்ப்படையால் எரியூட்டப்பட்ட நகரம் அது. ஆனால் இருப்புப் பாதைகள் கூடுமிடமாக இருந்தமையால் விரைவிலேயே எழுந்து நின்றது. 1868 முதல் மாநிலத்தின் தலைநகரமும் ஆயிற்று. பருத்தியை மட்டுமே நம்பிய பழைய பண்ணைப் பொருளாதாரம் போதாது, ஆலைகளும் வங்கிகளும் வணிகமும் வேண்டும் என்று ஹென்றி கிரேடி என்னும் இதழாசிரியர் அந்நகரிலிருந்து ஓயாது எழுதியும் பேசியும் வந்தார். புதிய தெற்கு என்பது அவர் வழங்கிய பெயர். 1880ஆம் ஆண்டில் 37,409 ஆக இருந்த மக்கள் தொகை, 1900ஆம் ஆண்டில் 89,872 ஆகவும், 1910ஆம் ஆண்டில் 1,54,839 ஆகவும் பெருகிற்று. கோக்கோ கோலா என்னும் பானம் 1886ஆம் ஆண்டில் பிறந்ததும் இந்நகரிலேதான். வழக்கறிஞர், வங்கியாளர், பஞ்சு வணிகர், இருப்புப்பாதை அதிகாரிகள் எனப் புதிய மேட்டுக்குடி ஒன்று உருவாகி வந்தது. அவர்கள் நாள்தோறும் முகம் மழித்துக்கொள்ள விரும்பினர். மழிக்கும் இடமும் தம் தகுதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என விரும்பினர். இந்த இரண்டாவது விருப்பத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஹெர்ண்டன்.

மரியெட்டா வீதியில் டோகெர்ட்டி ஹட்சின்ஸ் என்னும் கறுப்பினத்தவர் நடத்திய கடையில் வேலைக்குச் சேர்ந்த அவர், ஆறே மாதங்களில் அக்கடையின் பங்குதாரரானார். அடுத்த இருபது ஆண்டுகளில் படிப்படியாக வளர்ந்து, 1904ஆம் ஆண்டளவில் மூன்று கடைகளுக்கு உரிமையாளரானார். அவற்றுள் தலையாயது பீச்ட்ரீ வீதியில் 66ஆம் எண்ணில் இருந்தது. 1913ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்துப் பெரிதாக்கினார். அண்ணல் அம்பேத்கர் கல்வி பயில நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியதும் அதே ஆண்டுதான். படிகச் சரவிளக்குகளும், பளிங்குத் தரையும், பொன்முலாம் பூசிய பொருத்துகளும், 23 நாற்காலிகளும், உட்புறம் குளியலறைகளும் கொண்ட கடை அது. பாரிஸ் நகரில் தாம் கண்டு வியந்த கதவுகளைப் போலவே மகோகனி மரத்திலும் தடித்த கண்ணாடியிலும் வாயிற் கதவுகளைச் செய்வித்தார். ஐரோப்பாவுக்கு உலாச் சென்று, அங்குள்ள கடைவாயிலைத் தம் தொழிலுக்காக உற்று நோக்கி வந்தார் என்றால், அவர் ஓய்வும் உழைப்பாகவே இருந்தது எனலாம். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சமயக் குருமார்களும் பெருவணிகர்களும் அந்த நாற்காலிகளில் வந்து அமர்ந்தனர்.

இனி விலையைக் கூற வேண்டும். அந்த 23 நாற்காலிகளில் ஒன்றில்கூட ஒரு கறுப்பினத்தவர் அமர முடியாது. வெள்ளையருக்கு மட்டுமே அங்குச் சேவை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற பணியாளர் அனைவரும் கறுப்பினத்தவர், உரிமையாளரும் கறுப்பினத்தவர், ஆனால் அவ்வினத்து வாடிக்கையாளருக்கு இடமில்லை. தம் சொந்தக் கடையில் தம் உடன்பிறந்தாரையே அமர வைத்து முடி திருத்த அவரால் இயலாது. அமர வைத்தால் மறுநாளே வெள்ளையர் வரவு நின்றுவிடும்.

நம் ஊர்களில் முடிதிருத்தும் கடைகளில் நமக்கு நாற்காலி மறுக்கப்பட்ட வரலாற்றை நம் முதியோர் அறிவர். சில ஊர்களில் அக்கொடுமை அண்மைக் காலம் வரையும் செய்தியாகி வந்துள்ளது. ஆதலால் இச்செய்தியைப் படிக்கும் நம் இளைஞருக்கு ஹெர்ண்டன் மீது சினம் எழுவது இயல்பே. அந்நாளில் அவர் இனத்தாருள்ளும் இத்தகைய கடைகளைக் குறை கூறியோர் உண்டு. அவரைக் குற்றமற்றவர் என்று நிறுவ நான் முயலவில்லை. அந்த நாற்காலிகளால் வந்த பணம் எங்குச் சென்றது என்பதையும் சேர்த்துப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பணம் முதலில் நிலத்திலும் வீடுகளிலும் சென்றது. அட்லாண்டாவில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை அவர் வாங்கி வாடகைக்கு விட்டார். புளோரிடாவில் பண்ணை ஒன்றும் வாங்கினார். மற்றவர்களும் செய்யக்கூடியதுதான் இது. அவர் பெயரை நிலைநிறுத்தியது 1905ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயல்.

அந்நாளில் ஏழைக் கறுப்பின மக்கள் நோய்க்கும் சாவுக்கும் அஞ்சினர். நோய் வந்தால் கூலி போகும்; சாவு வந்தால் அடக்கம் செய்யப் பணம் வேண்டும். பொதுச் செலவில் அநாதைப் பிணமாகப் புதைக்கப்படுவதை அவர்கள் பேரிழிவாகக் கருதினர். ஆகவே திருச்சபைகளைச் சார்ந்து சிறுசிறு உதவிச் சங்கங்கள் தோன்றின. வாரந்தோறும் சில காசுகளைச் செலுத்துவோருக்கு நோயுற்றால் உதவியும் இறந்தால் அடக்கச் செலவும் சங்கம் தரும். வெள்ளையரின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களோ கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் ஒரே கட்டணத்துக்குக் குறைந்த தொகையே தந்தன. 1896ஆம் ஆண்டில் புருடென்சியல் நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஹாப்மன் என்பவர், கறுப்பினத்தவர் பிறவியிலேயே நலிந்தவர். அவர்கள் உயிரைக் காப்பீடு செய்வது இழப்பு என்று எண்களை அடுக்கி ஒரு நூலே எழுதினார். வறுமையும் நெரிசலும் மருத்துவமின்மையும் விளைத்த சாவுகளை இரத்தத்தின் குற்றமாக எழுதிய நூல் அது. வெள்ளை முகவர்கள் வாரத் தண்டலுக்கு வரும்போது தொப்பியைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைவதும், வயது முதிர்ந்த தாய்மாரையும் பெயர் சொல்லி அழைப்பதும் வழக்கமாக இருந்தன.

1905ஆம் ஆண்டில் ஜார்ஜியா அரசு ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய சங்கங்கள் யாவும் 5,000 டாலரைப் பிணைத் தொகையாக அரசிடம் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். செலுத்துவோர் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது முறையான நோக்கமே. ஆனால் காசு காசாகத் திரட்டிய திருச்சபைச் சங்கங்கள் 5,000 டாலருக்கு எங்கே போகும்? அட்லாண்டாவில் பீட்டர் ஜேம்ஸ் பிரையன்ட், ஜேம்ஸ் ஆர்தர் ஹாப்கின்ஸ் என்னும் இரு குருமார் நடத்தி வந்த சங்கமும் இக்கட்டில் சிக்கிற்று. அதனை அப்படியே வெள்ளையரிடம் விற்றுவிட அவர்களுக்கு மனமில்லை. நகரில் அவ்வளவு பணத்தை உடனே எடுத்து வைக்கக்கூடிய கறுப்பினத்தவரை நாடினர். ஹெர்ண்டன் அச்சங்கத்தை 140 டாலருக்கு வாங்கினார். பிணைத் தொகையைத் தாமே கட்டினார். வேறு சில சிறு சங்கங்களையும் அதனோடு இணைத்தார். அட்லாண்டா மியூச்சுவல் என்னும் பெயரில் தொழில் தொடங்கிற்று.

வாரக் கட்டணம் 5 சென்ட் முதல் 25 சென்ட் வரை. துணி வெளுக்கும் பெண்கள், சமையற்காரர்கள், சுமை தூக்குவோர், தெருக் கூட்டுவோர் ஆகியோரே வாடிக்கையாளர். முகவர் வீடுவீடாகச் சென்று தண்டி வருவார். புத்தகத்தில் குறித்துக் கொடுப்பார். மேட்டுக்குடி வெள்ளையர் முகம் மழித்துக் கொடுத்த பணம் அடித்தளமாக, அந்த வெள்ளையரின் துணியை வெளுத்த பெண்களுக்குச் சாவுக் காலத் துணையாக நின்றது இந்நிறுவனம். முடிதிருத்தும் கடையில் இடம் பெறாத மக்கள் இங்கே வாடிக்கையாளர் ஆயினர். அவர்தம் பிள்ளைகள் எழுத்தர்களும் முகவர்களும் கணக்கர்களும் ஆயினர். கறுப்பினக் கல்லூரிகளில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு ஆசிரியப் பணியும் குருமார் பணியும் தவிர வேறு வேலை கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், மேசையும் நாற்காலியும் ஊதியமும் தந்த அலுவலகம் ஒன்று தோன்றியது. ஓராண்டுப் பள்ளிப் படிப்பே பெற்ற ஹெர்ண்டன், கணக்கு எழுதும் பணியைப் படித்தவர்களிடம் ஒப்படைத்தார். பிறர் எழுதிய கணக்கால் தம் மக்கள் ஏமாந்த கதை அவருக்கு நேரில் தெரிந்த ஒன்று.

அதே 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நயாகரா அருவியை அடுத்த கனடா நாட்டு எல்லையில், வாக்குரிமைக்காகவும் சமவுரிமைக்காகவும் டூ பாய்ஸ் கூட்டிய மாநாட்டுக்கு ஹெர்ண்டன் சென்றார். மொத்தம் 29 பேரே திரண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட நிழற்படத்தில் பெரியவர்களிடையே ஒரு சிறுவனும் காணப்படுகிறான். அவன் ஹெர்ண்டனின் மகன் நோரிஸ். இதற்கு ஐந்தாண்டு முன்னர், 1900ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரில் புக்கர் வாஷிங்டன் தோற்றுவித்த வணிகர் அமைப்பிலும் ஹெர்ண்டன் பங்கு கொண்டிருந்தார். முதலில் பொருள், பிறகு உரிமை என்றவர் வாஷிங்டன். உரிமையின்றிப் பொருள் நில்லாது என்றவர் டூ பாய்ஸ். இரு முகாம்களும் கடுமையாக மோதிக்கொண்ட காலத்தில் இரு இடத்துக்கும் அவர் சென்றார். வணிகரின் தந்திரம் என்று சிலர் கூறலாம். பொருளீட்டியும் உரிமை இல்லாத நிலை எத்தகையது என்பதை அடுத்த ஆண்டே அவருக்கு அந்நகரம் காட்டிற்று.

1906ஆம் ஆண்டு ஆளுநர் பதவிக்கான போட்டியில், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதே பெரும் பேச்சாக இருந்தது. வெள்ளைப் பெண்களைக் கறுப்பினத்தார் தாக்கினர் என்று நாளிதழ்கள் ஆதாரமற்ற செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டன. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஆயிரக்கணக்கான வெள்ளையர் நகரின் நடுவே திரண்டு, கண்ணில் பட்ட கறுப்பினத்தாரை எல்லாம் அடித்துக் கொன்றனர். சில நாட்கள் நீடித்த அக்கலவரத்தில் இறந்த கறுப்பினத்தவர் குறைந்தது 25 பேர். உண்மைத் தொகை இன்னும் மிகுதி என்பார் பலர். ஹெர்ண்டன் அன்று கடையை முன்னதாகவே மூடிவிட்டு வீடு சென்றிருந்தார். அவர் கடையின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. அக்கடையில் வாடிக்கையாளர் காலணிக்கு மெருகிட்டு வந்த கால் ஊனமுற்ற ஒருவர் ஓட முடியாமல் கூட்டத்தின் கையில் சிக்கி மாண்டார். எதிரே இருந்த மற்றொரு கடையில் வேலை செய்துகொண்டிருந்த முடிதிருத்துநர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்கள் இழுத்துச் செல்லப்பட்டு, மரியெட்டா வீதியில் நின்ற ஹென்றி கிரேடியின் சிலையடியில் போடப்பட்டன. புதிய தெற்கு என்று முழங்கியவரின் சிலை அது.

பகலில் தம் கழுத்தைக் கறுப்பினத்தவரின் கத்திக்கு நம்பிக் கொடுத்த ஊர், இரவில் அவர்களையே வேட்டையாடிற்று. 1908ஆம் ஆண்டில் மாநில அரசமைப்புத் திருத்தத்தால் கறுப்பினத்தவரின் வாக்குரிமையும் பெரும்பாலும் பறிக்கப்பட்டது. கலவரத்துக்குப் பின்னர்க் கறுப்பின வணிகர் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு ஆபர்ன் வீதிக்குக் குடிபெயர்ந்தனர். ஹெர்ண்டன் பீச்ட்ரீ வீதிக் கடையை மீண்டும் திறந்தார். காப்பீட்டு நிறுவனத்தை ஆபர்ன் வீதியில் வளர்த்தார். வருமானம் வந்தது ஒரு வீதியில். நம்பிக்கை வைத்தது மற்றொரு வீதியில். பிற்காலத்தில், 1929ஆம் ஆண்டில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது அந்த ஆபர்ன் வீதியில்தான்.

அவருடைய இல்வாழ்வைச் சுருங்கக் கூறுவேன். 1893ஆம் ஆண்டில் அவர் ஏட்ரியன் மெக்னீல் என்னும் படித்த பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கலையும் நாடகமும் பயிற்றுவித்தவர். நாடக மேடையில் புகழ் பெற விழைந்தவர். 1904ஆம் ஆண்டில் பாஸ்டனில் மேடை ஏறியபோது தம் பெயரை மாற்றி, பிறப்பை மறைத்தே ஏறினார். வெளிறிய நிறம் அதற்கு உதவிற்று. திறமைக்கு இடமுண்டு, பிறப்புக்கு இடமில்லை என்னும் ஊரில் வேறென்ன செய்வார்? பல்கலைக்கழகத்தை அடுத்து அவர்கள் எழுப்பிய 15 அறைகள் கொண்ட மாளிகைக்கு வரைபடம் வகுத்தவர் அவ்வம்மையாரே. கட்டியவர்கள் கறுப்பினக் கைவினைஞர்கள். கூடத்துச் சுவரின் மேற்பகுதியில், அடிமைக் காலம் தொடங்கி ஹெர்ண்டனின் வாழ்க்கை ஓவிய வரிசையாகத் தீட்டப்பெற்றது. செல்வரான பின்னர்த் தம் பழைய நிலையை மறைக்க முயல்வோர் பலர்; இவர் விருந்தினர் அமரும் கூடத்திலேயே அதனை வரைவித்தார். 1910ஆம் ஆண்டில் மாளிகை முற்றுப்பெற்ற சின்னாட்களிலேயே அம்மையார் நோயால் மறைந்தார். 1912ஆம் ஆண்டில் ஹெர்ண்டன் ஜெசி கில்லெஸ்பி என்பாரை மணந்தார். 1897ஆம் ஆண்டில் பிறந்த மகன் நோரிஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்று 1921ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

காப்பீட்டுத் தொழில் 1916ஆம் ஆண்டில் பங்கு நிறுவனமாக மாறிற்று. ஆனால் அடக்கச் செலவோடு நில்லாமல் முழு ஆயுள் காப்பீடு வழங்க வேண்டுமாயின், இனி வரக்கூடிய இழப்புகளுக்கெல்லாம் ஈடாகச் சட்டம் விதிக்கும் காப்பு நிதியைத் தனியே வைத்திருக்க வேண்டும். வந்த பணத்தை எல்லாம் ஆதாயம் என்று எண்ணிச் செலவிடுகிறவரால் அது முடியாது. 1922ஆம் ஆண்டில் ஹெர்ண்டனின் நிறுவனம் அந்தத் தகுதியைப் பெற்று, அட்லாண்டா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்னும் பெயர் பூண்டது. அக்காலத்தில் அத்தகுதி பெற்ற கறுப்பின நிறுவனங்கள் மிகச் சிலவே.

அது எளிய காலமும் அன்று. பருத்திக் காய்களைத் துளைக்கும் வண்டு ஜார்ஜியாவுக்குள் புகுந்து விளைச்சலை அழித்து வந்தது. வாரத்துக்கு உழுதோர் ஆயிரமாயிரமாக வடமாநில நகரங்களுக்குப் புறப்பட்டனர். ஊரைவிட்டுப் போகிறவர் வாரக் கட்டணம் கட்டுவது எங்ஙனம்? ஜார்ஜியாவை மட்டும் நம்பாமல் டென்னசி, கென்டக்கி, மிசூரி, டெக்சாஸ், புளோரிடா எனப் பல மாநிலங்களிலும் நிறுவனம் கிளை பரப்பிற்று. நொடித்துப்போன பிற கறுப்பின நிறுவனங்களின் சீட்டுகளையும் அது ஏற்றுக்கொண்டது. ஒரு கறுப்பின நிறுவனம் பணத்தை விழுங்கிற்று என்ற சொல் பரவினால் எல்லா நிறுவனங்கள் மீதும் நம்பிக்கை போய்விடும் என்பதே காரணம்.

இங்கே ஹீமன் பெர்ரி என்பாரையும் நினைவுகூர்வது பயனுடையது. அவரும் அட்லாண்டாவில் 1913ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு லைப் என்னும் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியவர். ஹெர்ண்டனைவிட வேகமானவர், கற்பனை மிக்கவர். வங்கி, வீடு கட்டுதல், சலவைத் தொழில் எனக் காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு பல தொழில்களை ஒரே நேரத்தில் தொடங்கினார். நகரின் மேற்கே கறுப்பின மக்களுக்கு வீடுகள் எழுந்தது அவர் முயற்சியால்தான், அப்பெருமையை மறுக்கலாகாது. ஆனால் காப்பு நிதி கரைந்தது. 1925ஆம் ஆண்டில் நிறுவனம் வெள்ளையர் கைக்கு மாறிற்று. சேமிப்பை நம்பியிருந்த பலர் கலங்கினர். முடிதிருத்தும் கடைக்காரர் மெல்லவே நடந்தார். அவர் கை வைத்த தொழில்கள் மூன்றே: கத்தி, வீடு, காப்பீடு.

கறுப்பின மக்களின் திருச்சபைக்கும், பல்கலைக்கழகத்துக்கும், அநாதை இல்லங்களுக்கும், வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கான காப்பகத்துக்கும் அவர் பொருள் வழங்கினார்.

இதற்குள் முடிதிருத்தும் தொழிலின் நிலை மாறியிருந்தது. அதில் ஆதாயம் உண்டு என்று கண்ட வெள்ளையர் தாமே அத்தொழிலுக்கு வந்தனர், சங்கம் அமைத்தனர். இழிவு என்று விட்ட தொழில், பணம் வருகிறது என்றதும் இழிவு நீங்கிவிட்டது! 1926ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரவை, கறுப்பின முடிதிருத்துநர் வெள்ளைப் பெண்களுக்கும் சிறுவர்க்கும் முடி திருத்தக் கூடாது என்று விதி செய்தது. அவ்விதி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு நிலைக்காமற் போயிற்று. எனினும் அவர் தொடங்கிய காலத்துப் பாதுகாப்பு இனி இல்லை என்பது விளங்கிவிட்டது. காப்பீட்டுக்கு அவர் முன்னரே மாறியது எத்துணைத் தொலைநோக்கு என்பதும் அப்போது பலருக்குப் புலப்பட்டது.

1927ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் ஹெர்ண்டன் காலமானார். அறுபத்தொன்பது ஆண்டு வாழ்வு. தலைமைப் பொறுப்பு மகன் நோரிசுக்குச் சென்றது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வங்கிகள் பல மூடப்பட்டபோதும் நிறுவனம் சாயவில்லை. நோரிஸ் பொதுமேடையை விரும்பாதவர். 1973ஆம் ஆண்டு வரை நிறுவனத்தை நடத்திய அவர், குடியுரிமைப் போராட்டக் காலத்தில் விளம்பரமின்றிப் பொருளுதவி செய்து வந்தார். 1950ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த அறக்கட்டளைக்கே நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி சென்றது. அவர் மணம் புரியவில்லை. 1977ஆம் ஆண்டில் மறைந்தார். பெற்றோர் எழுப்பிய மாளிகை காட்சியகமாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.